காபி, மனஅழுத்தம், தாளம் தவறும் இதயம்

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்குமான மின்தூண்டல் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் பிறந்து, மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஏ.வி. கணுவில் கணநேரம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. இந்த வழியில் எங்கே பழுது வந்தாலும் துடிப்பு தாளம் தவறும். மருத்துவர்கள் இதை ‘அரித்மியா’ என்கிறார்கள்.

அரித்மியா ஒரே நோயல்ல. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அடுத்தது சற்றுத் தள்ளி விழுவது ‘எக்டோபிக்’ துடிப்பு. நெஞ்சு ஒரு குதி குதித்து நின்றது போலிருந்தது என்று பலர் சொல்வது இதைத்தான். இதயம் மற்றபடி நன்றாக இருந்தால் இதனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. எஸ்.வி.டி. வகையில் துடிப்பு திடீரென்று 150, 200 என்று எகிறி, அதேபோலத் திடீரென்று அடங்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இந்த நோயாளிகளுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு அதிகம். கீழறைகளிலிருந்து கிளம்பும் வேகத்துடிப்போ உயிருக்கே உலைவைக்கக்கூடியது. ஆகவே, காபி குடிக்கலாமா என்ற கேள்விக்கு, எந்த வகை அரித்மியா என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

கஃபீன் என்ன செய்கிறது?

ஜெர்மன் வேதியியலர் ரூங்கே 1819-இல் காபிக்கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் அமர்ந்தால் அசதியும் தூக்கமும் வரும். இதயத்தில் அதே அடினோசின் துடிப்பை மெதுவாக்கும். கஃபீன், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல, அந்த ஏற்பிகளை முந்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தூக்கம் கலைகிறது. அட்ரினலினும் சற்றுக் கூடுகிறது.

இந்தப் போட்டியின் விளைவை அவசர சிகிச்சைப் பிரிவில் நேரடியாகப் பார்க்கலாம். அடங்காத எஸ்.வி.டி.யோடு வருபவருக்கு அடினோசினையே ஊசிமருந்தாகச் சிரையில் வேகமாகச் செலுத்துவார்கள். நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருக்கும், ஈ.சி.ஜி. திரையில் சில நொடிகள் கோடு ஏறக்குறைய நேராக ஓடும். பிறகு பழைய தாளம் திரும்பும். சற்றுமுன் காபி குடித்திருந்தால் இந்த மருந்தின் வேகம் மட்டுப்படலாம். எனவே எப்போது, எவ்வளவு குடித்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

குடித்த கஃபீனில் பாதி கழியச் சுமார் 5 மணி நேரமாகும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் பாதி, இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த நேரம் இன்னும் நீளும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மாத்திரைகளும் கஃபீன் கழிவதைத் தாமதப்படுத்தும்.

ஆய்வுகள் சொல்வது

இதயத்துடிப்பில் கோளாறு என்றாலே காபியை நிறுத்தச் சொல்வது நெடுநாள் வழக்கம். அண்மைய ஆய்வுகள் இந்த வழக்கத்தை அசைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளிடம், எது தங்கள் துடிப்பைக் கிளறுகிறது என்று கேட்டு, அதையே சோதித்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. அதிகம் பேர் சந்தேகப்பட்டது கஃபீனை. சோதனையில் தெளிவாகச் சிக்கியது மது மட்டுமே.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரோக்கியமான 100 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. காபி குடித்த நாள்களில் மேலறை எக்டோபிக் துடிப்புகள் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறை எக்டோபிக் துடிப்புகள் ஓரளவு கூடின. அவர்கள் அந்த நாள்களில் அதிகம் நடந்தார்கள். ஆனால் சுமார் 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். 2025-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மின் அதிர்ச்சி மூலம் துடிப்பு சீராக்கப்பட்ட 200 நோயாளிகளில் ஒரு பாதியினர் தினமும் காபி குடித்தார்கள்; மறுபாதியினர் தவிர்த்தார்கள். 6 மாதத்தில் கோளாறு திரும்பியது, குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கு. தவிர்த்தவர்களில் 64 சதவீதத்தினருக்கு. இவர்கள் ஏற்கெனவே காபிப் பழக்கம் உள்ளவர்கள். ஆகவே குடிக்காதவர் புதிதாகத் தொடங்க இது காரணமாகாது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பொதுவாகத் தீங்கில்லை என்பது அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளின் கணிப்பு. ஃபில்டர் காபியில் இந்த அளவைக் கணிப்பது எளிதல்ல. முதல் டிகாக்‌ஷன் வீரியமானது, இரண்டாவது இளைத்தது, சிக்கரியில் கஃபீனே இல்லை. எனர்ஜி டிரிங்க் விஷயம் வேறு. அதில் கஃபீனோடு வேறு ஊக்கிகளும் சேர்கின்றன, மடமடவென்று குடித்தும் முடிக்கிறார்கள். லாங் க்யூ.டி., சி.பி.வி.டி. போன்ற மரபுவழி அரித்மியா உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. காபி, டீயைக்கூட அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மனஅழுத்தத்தின் பங்கு

கோபம், பயம், அலுவலக நெருக்கடி எதுவானாலும் அட்ரினலின் பாய்கிறது. துடிப்பின் வேகம் கூடுகிறது. இதயச் செல்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகள் தங்கள் மனநிலையைக் குறித்துவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கோபமும் கவலையும் இருந்த வேளைகளில் கோளாறு அதிகம் தலைகாட்டியது. மகிழ்ச்சியான வேளைகளில் குறைந்தது.

மனஅழுத்தமும் கஃபீனும் ஒன்றுக்கொன்று துணைபோவதும் உண்டு. வேலை நெருக்கடியில் காபி கூடுகிறது. காபியால் தூக்கம் குறைகிறது. தூக்கமின்மை மறுநாள் படபடப்பைக் கூட்டுகிறது. படபடப்பைக் கண்ட பயம் மேலும் அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. இதை மாத்திரையால் மட்டும் நிறுத்த முடியாது. அமெரிக்காவின் கான்சாஸில் நடந்து 2013-இல் வெளியான சிறிய ஆய்வில், வாரம் இருமுறை யோகா செய்த 3 மாதங்களில் நோயாளிகளின் துடிப்புக் கோளாறும் குறைந்தது, பதற்றமும் குறைந்தது. அது மருந்துக்குத் துணையாகச் செய்யப்பட்டது, மருந்துக்குப் பதிலாக அல்ல.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை

படபடப்பு வந்த நேரம், அதற்குமுன் குடித்தது, முந்தைய இரவின் தூக்கம், மனநிலை ஆகியவற்றைச் சில வாரம் குறித்துவைத்தால் அவரவருக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று பிடிபடும். மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினால் வேகமும் ஒழுங்கும் தெரியும். காபியைக் குறைப்பவர்கள் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக விட்டால் தலைவலியும் எரிச்சலும் வரும். காபியைக் குறைத்ததால் படபடப்பு அடங்கியது என்று, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்துக்கு வழிவிடும்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி இவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், படபடப்பு சிறிதாக இருந்தாலும் இதய மருத்துவரிடம் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவது அவசியம்.