உஷார்! மலையேறும் வண்டியில் அந்தப் பாட்டிலை ஊற்றாதீர்கள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. எந்தப் பாதையில் ஏறினாலும் எஞ்சினுக்குத் திணறல்தான். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்களுக்கு எஞ்சின் போனால் பிழைப்பே போச்சு. அந்தப் பயத்தைத்தான் ஆயில் அடிட்டிவ் விற்பவர்கள் காசாக்குகிறார்கள். "ஆயிலோட இதையும் ஊத்துங்க, சத்தம் அடங்கும், மைலேஜ் ஏறும்" என்பார்கள். நம்பாதீர்கள்!

பைக்காரர்கள் முதலில் கவனியுங்கள். பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. கிளட்ச் தகடுகள் இறுகப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். அந்தப் பிடிமானம் கெடாத ஆயிலுக்குத்தான் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்ற தரம் தருகிறார்கள், டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். உராய்வைக் குறைக்கும் சரக்கை அதில் கலந்தால், குறையவே கூடாத கிளட்சிலும் உராய்வு குறைந்துவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பின்சீட்டில் மனைவியும் பிள்ளையும் இருக்க, எஞ்சின் மட்டும் அலறி வண்டி ஏறாமல் நின்றால் என்ன ஆகும்? பின்னால் லோடு லாரி வந்துகொண்டிருக்குமே!

கண்ணெதிரே செய்து காட்டுகிறார்களே என்பீர்கள். சுழலும் வளையத்தில் ஒரு பேரிங்கை அழுத்துவார்கள். வெறும் ஆயிலில் அது கிறீச்சிட்டு நிற்கும், மருந்து ஊற்றியதும் வழுக்கி ஓடும். ஆனால் ஓடும் எஞ்சினில் கிராங்க் பேரிங் இரும்போடு இரும்பாகத் தேய்வதில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த மெஷின் காட்டுவது வேறு நிலைமை. அதில் ஜெயிக்கச் சிலர் சேர்க்கும் குளோரின் சரக்கு, சூட்டிலும் ஈரத்திலும் அமிலமாகி உலோகத்தையே அரிக்கக்கூடியது.

நல்ல ஆயிலில் தேய்மானத் தடுப்பு, கசடு கரைப்பு என எல்லாம் கம்பெனியே அளந்து சேர்த்துத்தான் வருகிறது. மேலே ஊற்றுவது அந்த அளவைக் கெடுக்கும். அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1990களில் ஸ்லிக் 50, டியூரா லூப் போன்ற பிரபல சரக்குகளின் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லையென்று நடவடிக்கை எடுத்தது. டியூரா லூப் 2000-ல் 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

பழைய ஜீப் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. ரிங் தேய்ந்து புகை தள்ளும் எஞ்சினில் கெட்டியான அடிட்டிவை ஊற்றினால் கொஞ்ச நாள் புகை அடங்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். விலை பேசுமுன் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போய் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். பிஎஸ்6 டீசல் வண்டிக்காரர்களே, சாம்பல் குறைந்த ஆயில்தான் புகைக்கரியைப் பிடிக்கும் உங்கள் டிபிஎஃப் ஃபில்டருக்கு ஏற்றது. கண்டதையும் ஊற்றி அதை அடைக்காதீர்கள், செலவு தாங்காது.

அந்தப் பாட்டில் காசுக்கு ஆயிலையும் ஃபில்டரையும் காலத்தில் மாற்றுங்கள். மலை ஏறுமுன் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? இன்றே முழுசாக வடித்து, சரியான தர ஆயிலை ஊற்றி, கம்பம் ரோட்டுச் சமதரையில் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் கிளட்ச் வழுக்கினால், தகடு மாற்றும்வரை மலைப்பாதைக்கு வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.