சாலைக்கு அடியில் ஒரு மதகு

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் நடப்பவர்கள், காலடியில் தென்படும் சிறிய இரும்பு மூடிகளைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுள் சிலவற்றுக்கு அடியில் இருப்பது, குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் வால்வு. ஏரி மதகில் பலகையை ஏற்றி இறக்குவதைப் போல, குழாயின் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டை ஏற்றி இறக்கும் அமைப்பு இது. பொறியாளர்கள் இதை 'ஸ்லூஸ் வால்வு' என்கின்றனர். மதகு வால்வு என்று நாம் சொன்னால் பிழையில்லை. கிராமத்தில் நீர்க்கட்டி செய்த வேலையை, மாநகரில் நீண்ட இரும்புச் சாவியுடன் வரும் குடிநீர் வாரியத் தொழிலாளி செய்கிறார்.

இந்த எளிய கருவிக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் தனித் தரநிலையே வகுத்திருக்கிறது. ஐ.எஸ். 14846 என்னும் அந்தத் தரநிலை, 50 மில்லி மீட்டர் முதல் 1,200 மில்லி மீட்டர் வரையிலான வால்வுகளுக்கு உரியது. எந்த உறுப்பு எந்த உலோகத்தில் அமைய வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. உடற்பகுதி வார்ப்பிரும்பு. ஆனால், தகடு வந்து பொருந்தும் வளையங்கள் வெண்கலம். இரும்பின் மீது இரும்பு உரசினால் துருவேறி இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம். தகட்டை ஏற்றி இறக்கும் தண்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு போன்ற உறுதியான உலோகம் தேவை.

இங்கேதான் ஏமாற்றத்துக்கு இடமிருக்கிறது. வெண்கலம் இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாகம் மிகுந்த மலிவான பித்தளையை வைத்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நாளடைவில் துத்தநாகம் நீரில் கரைந்து வெளியேறும். எஞ்சுவது கடற்பஞ்சு போன்ற, வலுவிழந்த செம்பு. வடிவம் அப்படியே இருக்கும், தொட்டால் உதிரும். வெளியே பளபளக்கும் நீல வண்ணம் இதையெல்லாம் மறைத்துவிடும்.

தென் சென்னைக்குக் குடிநீர் தரும் நெம்மேலி கடல்நீர் ஆலைகளில் உலோகத் தேர்வு இன்னும் கடுமையானது. 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் முதல் ஆலையும், 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுடன் இரண்டாம் ஆலையும் திறக்கப்பட்டன. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல அறுபது மடங்கு வரை அழுத்தம் தேவைப்படும். நாம் உறுதியானது என்று நம்பும் சாதாரண எவர்சில்வர் பாத்திர எஃகு அந்த உப்புநீரில் ஊசித் துளைகளாக அரிக்கப்படும். அதனால்தான் குரோமியம் சுமார் 25 விழுக்காடு கொண்ட உயர்வகை எஃகை இத்தகைய பணிகளுக்குப் பொறியாளர்கள் நாடுகின்றனர்.

வார்த்து முடித்த வால்வை ஆலையிலேயே சோதிக்க வேண்டும். 10 பார் அழுத்தத்துக்கு உரிய வால்வின் உடற்பகுதியை அதைப்போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வைத்துக் கசிவு பார்ப்பார்கள். பிறகு, வால்வை மூடி 10 பாரில் தகட்டின் பிடிப்பைப் பார்ப்பார்கள். 10 பார் என்பது ஏறக்குறைய 100 மீட்டர் உயர நீரின் அழுத்தம். நம் தெருக்களிலோ தண்ணீர் தரைக்குக் கீழே உள்ள தொட்டியில் விழுந்தாலே பெரிது!

அப்படியானால் இந்த வால்வுகள் ஏன் பழுதாகின்றன? அவை தாங்க வேண்டியது அழுத்தத்தை அல்ல, நம் பழக்கத்தை. மதகு வால்வு முழுவதும் திறந்திருக்கவோ முழுவதும் மூடியிருக்கவோ வடிவமைக்கப்பட்டது. எந்நேரமும் நீர் ஓடும் நகரில் அதை ஆண்டில் சில முறை தொட்டால் போதும். முறைவைத்து நீர் விடும் தெருவில், நாளுக்கு ஒரு முறை திறந்து மூடினாலும் ஆண்டுக்கு 730 திருகல்கள். போதாக்குறைக்கு, ஒரு தெருவுக்குக் குறைத்து மறு தெருவுக்குக் கூட்டுவதற்காகப் பாதி திறந்த நிலையிலும் வைக்கப்படுகிறது. குறுகிய இடைவெளியில் சீறிப் பாயும் நீர் வெண்கல வளையத்தைத் தேய்க்கிறது. அடியில் உள்ள பள்ளத்தில் மணல் படிகிறது. சில ஆண்டுகளில் வால்வு முழுமையாக மூடாது. குழாய் உடையும் நாளில் அடுத்த வால்வைத் தேடிப்போக வேண்டியிருக்கும். ஒரு தெருவோடு முடிய வேண்டிய நீர்நிறுத்தம் நான்கு தெருக்களுக்குப் பரவும்.

இதைவிடக் கவலைக்குரியது சுகாதாரம். நீர் நிற்கும்போது குழாய் காலியாகி, உள்ளே உறிஞ்சல் ஏற்படும். அருகில் கழிவுநீர் தேங்கியிருந்தால், விரிசல் வழியாக அது குடிநீர்க் குழாய்க்குள் புகும். மழைக்காலத்தில் வால்வுக் குழிகளே கழிவுநீர்த் தொட்டிகளாவதை நாம் காண்கிறோம். ஒடிசாவின் புரி நகரம் 2021-இல் 24 மணி நேரக் குடிநீருக்கு மாறியதன் முக்கியப் பயன்களுள் ஒன்று, குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதுதான்.

சென்னை அந்த நிலையை எட்டும்வரை, ஒப்பந்தப்புள்ளியில் 'தரநிலைப்படி' என்ற ஒற்றைச் சொல் போதாது. அழுத்தச் சோதனையுடன், சில ஆயிரம் முறை திறந்து மூடிய பிறகும் கசியாத வால்வு என்று நிபந்தனை வேண்டும். உலோகச் சான்றிதழிலும் தரவேறுபாடு உண்டு. உற்பத்தியாளரே தருவது ஒருவகை; ஆலையைச் சாராத ஆய்வாளரும் உடன் கையொப்பமிடுவது இன்னொரு வகை. கொதிகலன்களில் பொருத்தும் வால்வுகளுக்கு ஆய்வு அதிகாரத்தின் சான்று இன்றி இடமில்லை. லட்சக்கணக்கானோர் குடிக்கும் நீருக்கு மட்டும் விற்பவரின் சொல்லே போதும் என்பது என்ன நியாயம்? வால்வின் உடலில் பொறித்த வார்ப்பு எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பழுதான வால்வைக் கழற்றியதும் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பாமல், அறுத்துப் பார்க்கலாம். தேய்ந்தது வளையமா, உதிர்ந்தது பித்தளையா, எந்த ஆண்டு யார் வார்த்தது என்று பதிவு செய்தால், அடுத்த கொள்முதலில் யாரைத் தவிர்ப்பது என்பது தெரிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகமும், உலோகவியல் துறை கொண்ட ஐஐடியும் இந்த மாட வீதிகளிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன.