பச்சை உப்பும் மின்கம்பியும்

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் ‘பச்சை உப்பு’ என்று வழங்கும் பேரியம் நைட்ரேட், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதிக்கும்வரை, மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் மருந்து எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தருவதாகவும் பச்சை ஒளிக்கு மூலமாகவும் இருந்துவந்தது. அதே பேரியத்தை இட்ரியம், செம்பு, ஆக்சிஜன் ஆகியவற்றோடு கூட்டி, பால் சூ, மாவ்-குயன் வூ ஆகியோரின் குழுக்கள் 1987இல் அமெரிக்காவில் ஆக்கிய கரிய பீங்கான் பொருள், சுழிக்குக் கீழ் 180 பாகை செல்சியசை ஒட்டி மின்தடையை அறவே இழந்தது. இவ்வாறு தடையிழக்கும் பொருளே மீகடத்தி. அதுவரை அறியப்பட்ட மீகடத்திகளுக்கு விலைமிகுந்த திரவ ஹீலியம் தேவைப்பட, இதற்குச் சுழிக்குக் கீழ் 196 பாகையில் கொதிக்கும் மலிவான திரவ நைட்ரஜனே போதும் என்பதால்தான் மின்துறை இதன்பக்கம் திரும்பியது.

மறு ஆண்டு ஜப்பானில் கண்டறியப்பட்ட இன்னொரு மீகடத்திக் குடும்பத்தில் பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், செம்பு ஆகியவை உள்ளன. வாணவெடியின் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியமும், நீலத்துக்குச் செம்பும், படபடவென்று பொரியும் மணிகளுக்கு பிஸ்மத் ஆக்சைடும் உதவுவதை நோக்கினால், இரு தொழில்களின் சரக்கறையும் ஏறக்குறைய ஒன்றே எனலாம். காகிதக் குழலில் மருந்து திணிப்பதுபோல, இந்த பிஸ்மத் மீகடத்தியின் தூளை வெள்ளிக் குழாயில் அடைத்து, இழுத்து, தட்டையாக உருட்டியே முதல் தலைமுறைக் கம்பி செய்யப்பட்டது. அதன் விலை இறங்காமைக்கு அவ்வெள்ளியும் ஒரு காரணம்.

ஒற்றுமை அத்துடன் முடிகிறது. பட்டாசுத் தூளில் துகள்கள் எத்திசையில் கிடந்தாலும் குறையில்லை. மீகடத்தியிலோ அடுத்தடுத்த படிகங்கள் சில பாகை திரும்பியிருந்தாலே மின்னோட்டம் வெகுவாகக் குன்றிவிடும். ஆகவே இரண்டாம் தலைமுறையில், நிக்கல் கலவைத் தகட்டின்மேல் நானோமீட்டர் அளவிலான அடுக்குகளைப் படியவைத்து, அவை காட்டும் ஒழுங்கில் ஓரிரு மைக்ரான் தடிமனுக்கு முதலில் சொன்ன பேரிய மீகடத்தியை வளர்க்கின்றனர். அதன்பின்னும் ஓர் இடையூறு எஞ்சும். காந்தப்புலம் மீகடத்திக்குள் நுண்ணிய சுழல்களாகப் புகுகிறது; மின்னோட்டம் அச்சுழல்களைத் தள்ள, அவை நகரும்போது ஆற்றல் வீணாகிறது. அவற்றை ஓரிடத்தில் முளையடித்து நிறுத்த, சில நானோமீட்டர் விட்டமுள்ள பேரியம் சிர்கோனேட் தூண்களை உள்ளே வளர்க்கின்றனர். குறைகளே வலிமையாகும் இவ்விடத்தில்தான் நானோநுட்பம் மின்துறைக்கு உண்மையான பயனைத் தருகிறது. நானோநுட்பம் பற்றிய மற்ற விளம்பரங்கள் பல மிகையானவை.

தென்மாவட்ட மின்சாரத்தை மேற்கே கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்ட விருதுநகர்–கோவை 765 கிலோவோல்ட் வழித்தடத்துக்கு இக்கம்பி பொருந்துமா என்றால், பொருந்தாது. கரிசல் வெளியில் கோபுரம் நிறுத்த இடமுண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குளிரூட்டுவதோ பெருஞ்செலவு. போதாக்குறைக்கு, மாறுதிசை மின்னோட்டத்தில் மீகடத்தியும் சிறிது ஆற்றலை இழக்கவே செய்யும். மாறாக, ஜெர்மனியின் எசன் நகர மையத்தில் 2014இல் பதிக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் வடம், பத்தாயிரம் வோல்ட்டிலேயே 40 மெகாவாட்டைக் கடத்தி, அங்கே உயரழுத்த மின்மாற்றிக்கு வேண்டிய நிலத்தை மிச்சப்படுத்தியது. தமிழகத்தில் அத்தகைய இடநெருக்கடி சென்னையின் பழைய தெருக்களுக்கு அடியில்தான் இருக்கிறது.