கொழுந்து மடுவமும் கணினியின் நினைவும்

களனி கங்கையை அடுத்த யட்டியாந்தோட்டைப் பகுதியில் தேயிலையும் றப்பரும் விளைகின்றன. தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுப்பது வழக்கம். நிறுப்பவர் அதனைத் தம்மிடம் குவித்து வைப்பதில்லை. பெயரையும் எடையையும் ஏட்டிற் பதிந்து, கொழுந்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுகிறார். சுமை நகர்கிறது, கணக்கு நிற்கிறது. கணினி வலையமைப்பைச் சோதிப்போர்க்கு இஃது ஒரு நல்ல பாடமாகும்.

வலையமைப்பில் செய்திகள் சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றன. ஒரு பாடசாலையிலோ மருத்துவமனையிலோ இணைப்பு அடிக்கடி அறுந்தால், அதன் காரணம் பெரும்பாலும் அப்பொதிகளிலேயே புதைந்திருக்கும். ஆதலின் அவற்றைப் பதிந்து ஆராய்கின்றனர். ஆனால் பதிவோ மலைபோல் வளர்வது. விநாடிக்கு 10 கோடி பிட்டு செல்லும் இணைப்பு நிறைந்து ஓடினால், ஒரு மணி நேரத்தில் 4,500 கோடி பைட்டு சேர்ந்துவிடும்.

1998இல் ஜெரால்ட் கோம்ஸ் ‘ஈதரியல்’ என வெளியிட்ட மென்பொருள் 2006இல் ‘வயர்ஷார்க்’ எனப் பெயர் பெற்றது. பொதிகளுக்கிடையே உள்ள தொடர்பை அறிவதற்காக, ஒவ்வொரு பொதியைப் பற்றிய குறிப்பையும் அது நினைவகத்திலே வைத்துக்கொள்கிறது. பதிவு பெரிதானால் நினைவகம் நிரம்பும், கணினி தளரும், முடிவில் மென்பொருளே நின்றுவிடும். தேடிய காரணமும் கைக்கு எட்டாமற் போகும்.

நினைவகத்தைப் பெருக்குவது ஒரு வழி. ஆயின் அதற்கும் எல்லையுண்டு. பதியும்போதே அளவறிந்து பதிவது சிறந்தது. 1,500 பைட்டு நீளமுள்ள பொதியில் முதல் 96 பைட்டு மட்டும் பதிந்தால், அனுப்புநர், பெறுநர் விவரம் பெரும்பாலும் கிடைத்துவிடும். சுமை ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்காகக் குறையும். பிறர் எழுதியதைப் படித்துவிடும் குற்றமும் பெரிதும் நீங்கும்.

பெரும்பதிவு முன்னமே சேர்ந்துவிட்டதெனின், அதனை முதலிற் சலித்தல் வேண்டும். ‘டிசிபிடம்ப்’ என்னும் கருவி பொதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை எழுதி, மற்றதை விட்டுவிடும். எதையும் சேர்த்து வைப்பதில்லை. அது மடுவத்தில் நிறுப்பவர் செயலை ஒத்தது. அவ்வாறு சலித்தெடுத்த சிறு பதிவை வயர்ஷார்க் எளிதில் திறக்கும்.

‘எடிட்கேப்’ என்னும் கருவியால் பதிவை நேரவாரியாகத் துண்டாக்குதலும் உண்டு. ஆனால் ஓர் உரையாடல் இரு துண்டுகளில் அகப்பட்டால், அதன் தொடக்கம் ஒன்றிலும் முடிவு மற்றொன்றிலும் கிடக்கும். இல்லாத பிழை இருப்பதுபோல் தோன்றும். ஆகவே, ஐயத்துக்குரிய கணினியின் உரையாடல் முழுவதையும் பிரித்தெடுப்பதே நேரிய முறை.

எல்லாவற்றையும் நினைவில் வைப்பதன்று, எதை வைப்பதெனத் தெரிவதே இக்கலையின் உயிர்நாடி.