மூன்று பாய் அறை

ஒசாகாவில் அறை தேடுகிறவர்கள் வரைபடத்தில் முதலில் பார்ப்பது வடக்கே உமேடா, தெற்கே நம்பா. இரண்டு இடத்திலும் வாடகை கையைக் கடிக்கும். விரல் இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்து ஷின்-இமாமியா நிலையத்தில் நிற்கும். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நேர் வண்டி உண்டு. நங்காய் விரைவு ரயிலுக்கு அடுத்த நிறுத்தமே நம்பா. பக்கத்திலேயே மிடோசுஜி சுரங்க ரயிலைப் பிடித்தால், புல்லட் ரயில் வந்து நிற்கும் ஷின்-ஒசாகாவரை வண்டி மாற வேண்டாம். நாராவுக்கும் நேராகவே போகலாம். இத்தனை வசதியான இடத்தில் அறை ஏன் மலிவு? தண்டவாளத்தின் தெற்குப் பக்கம் இறங்கி நடந்தால் பதில் கிடைக்கும்.

அந்தப் பகுதியின் பழைய பெயர் காமகசாகி. 1970 உலகக் கண்காட்சிக்காக ஒசாகா கட்டி எழுப்பப்பட்ட காலத்தில், நாட்டின் நாலா பக்கமிருந்தும் ஒண்டிக்கட்டை ஆண்கள் இங்கே வந்து குவிந்தார்கள். விடிவதற்குள் எழுந்து, ஆள் பிடிக்க வரும் தரகர்களின் வேன்களுக்கு முன்னால் நிற்பார்கள். வேலை கிடைத்தால் கூலி. கூலி கிடைத்தால் அன்றைய இரவுக்கு ஓர் அறை. மழை பிடித்துக்கொண்டால் இரண்டுமே சந்தேகம்.

அறை என்றால் மூன்று தத்தாமி, மூன்று பாய் விரிக்கும் இடம். குளியலும் கழிப்பறையும் பொது. இந்த விடுதிகளை ‘டோயா’ என்றார்கள். ஜப்பானிய மொழியில் விடுதிக்கு ‘யாடோ’ என்று பெயர். அதைத் திருப்பிப் போட்டது ‘டோயா’. விடுதி என்று சொல்ல நாக்கூசியதால் சொல்லையே தலைகீழாக்கினார்கள் போலும்.

1961 ஆகஸ்டில், டாக்ஸி மோதிய ஒரு தொழிலாளியைப் போலீஸார் நடத்திய விதம் கண்டு தெருவே கொதித்தது. கலவரம் பல நாள் நீடித்தது. 1966இல் அதிகாரிகள் பகுதிக்கு ‘ஐரின்’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அயலாரை நேசித்தல் என்று பொருள் தரும் எழுத்துகள். பெயர் மாறியும் பேச்சு மாறவில்லை. அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லித்தான் ஒசாகாக்காரர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

1990களில் பொருளாதாரம் சரிந்தது. கட்டட வேலை வற்றியது. வேன்கள் குறைந்தன, வேலைக்கு நின்றவர்களுக்கு வயதாகிவிட்டது. காலியான அறைகளை வைத்துக்கொண்டு விடுதிக்காரர்கள் இரண்டு வழி கண்டார்கள். சிலர் அரசு உதவித்தொகை பெறும் முதியவர்களுக்கு நிரந்தர வாடகைக்கு விட்டார்கள். மற்றவர்கள் வைஃபை போட்டு, ஆங்கிலப் பலகை மாட்டி, முதுகுப்பைப் பயணிகளை அழைத்தார்கள். பாய் அதே மூன்றுதான்.

இந்தக் கூலித் தொழிலாளர்களுக்காக 1970இல் திறந்த தொழிலாளர் மையம் 2019இல் மூடப்பட்டது. 2022 ஏப்ரலில், தண்டவாளத்தின் வடக்கே நெடுங்காலம் வெற்றிடமாகக் கிடந்த மனையில், ஹோஷினோ ரிசார்ட்ஸின் ‘ஓமோ7’ ஹோட்டல் எழுந்தது. 436 அறைகள், புல்வெளி வேறு. தெற்கே மூன்று பாய், வடக்கே புல்வெளி. இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில் பாலம்.

நீங்கள் எங்கே தங்கலாம்? கியோட்டோவுக்கும் கோபேவுக்கும் தினம் போய்வருவதாக இருந்தால் உமேடா. இரவு வெகுநேரம் சாப்பிட்டுச் சுற்ற நம்பா. குழந்தைகளோடு வருகிறவர்கள், தரையில் உட்கார்ந்து எழ முழங்கால் ஒத்துழைக்காதவர்கள், தனிக் குளியலறை இல்லாமல் முடியாதவர்கள் பழைய டோயாவைத் தவிர்க்கலாம். தனியாக, சிக்கனமாகப் போகிறவருக்கு இந்தத் தெரு போதும். சுடென்காகு கோபுரத்துக்கு நடந்தே போய்விடலாம்.

காலையில் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வரும்போது, அதே சந்தில் ஒரு முதியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வரலாம். ஒசாகாவின் உயரங்களில் அவர் கை பட்டவை சில இருக்கக்கூடும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வழி விடுங்கள். உங்களுக்கு அது இரண்டு இரவு. அவருக்கு வீட்டு வாசல்.