மெல்போர்னில் கிடைத்த நான்காம் இடம்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் கால்பந்தில் இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை சென்ற முதல் ஆசிய அணி அதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பிய நாடு இது. அப்போது நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்துக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். தனியாளாகப் பந்தை உருட்டிச் செல்லும் பழக்கத்தை விடச் செய்து, வந்த பந்தை ஒரே தொடுதலில் அடுத்தவருக்குத் தள்ளும் ஆட்டத்தைப் பழக்கினார். அணித்தலைவர் சமர் பானர்ஜி. வலது ஓரத்தில் பி.கே. பானர்ஜி, நடுவில் நெவில் டிசூசா.

அதிர்ஷ்டமும் உடன் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதல் சுற்றில் இந்தியா சந்திக்க வேண்டியிருந்தது ஹங்கேரியை. சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்திருந்த நேரம் அது. ஹங்கேரியின் மற்ற விளையாட்டு வீரர்கள் மெல்போர்ன் வந்தார்கள். கால்பந்து அணி விலகிக்கொண்டது. எகிப்து, துருக்கி போன்ற நாடுகளும் விலகியதால் களத்தில் எஞ்சியவை 11 அணிகளே. இந்தியா ஆடாமலேயே காலிறுதிக்குப் போனது.

டிசம்பர் 1 அன்று எதிரே நின்றது ஆஸ்திரேலியா. டிசூசா இரண்டு முறை முன்னிலை பெற்றுத் தர, புரூஸ் மாரோ இரண்டு முறையும் சமன் செய்தார். இடைவேளை முடிந்ததும் டிசூசா மூன்றாவதையும் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய வீரர் ஒருவரின் முதல் ஹாட்ரிக் அது. 80ஆவது நிமிடத்தில் கிட்டு நான்காவதைச் சேர்க்க, 4-2. உள்ளூர் அணி அசந்த நாளில் கிடைத்த வெற்றி என்றும் ஒதுக்க முடியாது: ஒலிம்பிக் முடிந்த கையோடு சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் இந்தியா அதே ஆஸ்திரேலியாவை 7-1 என்று வென்றது.

டிசம்பர் 4 அன்று அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. முதல் பாதியில் கோலே விழவில்லை. 52ஆவது நிமிடத்தில் டிசூசா அடிக்க, ஹெல்சிங்கியில் பத்து வாங்கிய இந்தியா முன்னிலையில் இருந்தது. அது நிலைத்தது இரண்டே நிமிடம். 54, 57, 65ஆவது நிமிடங்களில் மூன்று கோல்கள் விழுந்தன. பின்னர் முகமது சலாமின் காலில் பட்டு ஒரு சுய கோலும் சேர, முடிவு 4-1. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று எளிதாக வென்றது. தங்கம் வாங்கிய சோவியத் அணி உட்பட, இந்தியாவுக்கு மேலே முடித்த மூன்றுமே கம்யூனிஸ்ட் நாடுகள். அங்கே அரசின் ஆதரவில் முழுநேரமும் ஆடியவர்கள் அமெச்சூர் என்ற பெயரில் வந்தார்கள். இதைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த நான்காம் இடத்தை எடைபோட முடியாது.

நான்கு கோல்கள் அடித்த டிசூசா, பல்கேரியாவின் மிலானோவ், யூகோஸ்லாவியாவின் வெசலினோவிச் ஆகியோருடன் தொடரின் அதிக கோல் பட்டியலில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ரஹீம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று தந்து, மறு ஆண்டு புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் சுற்றைத் தாண்டவில்லை. அங்கே பெருவுக்கு எதிராகத் தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் அடித்ததுதான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.