மூலமும் படியும்

கணிப்பொறியை விலைக்கு வாங்கும்பொழுது அதனை இயக்கும் மென்பொருளும் பெரும்பாலும் உடன் வந்துவிடுகிறது. ஆதலின், அம்மென்பொருள் எவ்வாறு உள்ளே புகுந்தது என்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய வேளை இப்பொழுது வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு 'விண்டோஸ் 10' இயங்குதளத்திற்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் பல, உறுப்பில் பழுது ஒன்றும் இன்றியே ஒதுக்கப்படுகின்றன. இவற்றுக்கு மறுவாழ்வு தர வல்லவை யூனிக்ஸ் வழியில் அமைந்த இயங்குதளங்கள். அவற்றுள் ஒன்றாகிய 'டெபியன்' என்பதை எடுத்துக்கொண்டு, அதனை நிறுவுதற்குரிய பென் டிரைவை ஆயத்தம் செய்யும் முறையை இன்று விளக்க விரும்புகிறேன்.

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்ச்சி ஆகியோர் அதனை உருவாக்கியவர்களுள் தலையாயவர். பின்லாந்து நாட்டு மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் அதன் போக்கைப் பின்பற்றி 1991இல் 'லினக்ஸ்' கருவை எழுதினார். அக்கருவைக் கொண்டு இயான் மர்டாக் 1993இல் தொடங்கியதே டெபியன். அதற்கு விலை இல்லை; எவரும் படியெடுக்கலாம்; பிறர்க்கும் வழங்கலாம். முற்காலத்தில் யூனிக்ஸ் காந்த நாடாவில் பயணம் செய்தது. பின்னர் நெகிழ்வட்டும் குறுந்தகடும் வந்தன. இன்று பென் டிரைவ் அவ்விடத்தைப் பெற்றுள்ளது. கலம் மாறினும் வேலை ஒன்றே: மூலத்தைப் பழுதின்றிப் படியெடுத்தல்.

முதலில் நம் கணிப்பொறியின் வகையை அறிதல் வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பில், 32 பிட் இன்டெல் வகைக் கணிப்பொறிகளுக்கு நிறுவி தரப்படவில்லை. 64 பிட் வகையே வேண்டும். வகையை அறிந்தபின், டெபியன் தளத்திலிருந்து அதற்குரிய 'ஐ.எஸ்.ஓ.' கோப்பைப் பதிவிறக்கம் செய்க.

இக்கோப்பைப் பென் டிரைவில் வழக்கம்போல் நகலெடுத்து வைத்தால் போதாதோ எனின், போதாது. மின்சாரம் பாய்ந்தவுடன் கணிப்பொறி, குறித்த சில இடங்களில் மட்டுமே தொடக்க நிரலைத் தேடும். பழைய 'பயாஸ்' முறை, வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும், புதிய 'யூ.இ.எஃப்.ஐ.' முறை, அதற்கென வகுத்த ஒரு பகுதியை நாடும். ஐ.எஸ்.ஓ. கோப்போ ஒரு முழு வட்டின் பிரதி. அதனைக் கோப்பாகவே வைத்தால், திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போலாகும். ஆகவே அதனைப் பென் டிரைவின் முதல் பைட்டிலிருந்தே வரிசை பிறழாமல் எழுதுதல் வேண்டும்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பெருக்கற் கணக்கின் விடையை இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் முறையைப் பள்ளியில் பயின்றிருப்பீர்கள். 23ஐ 14ஆல் பெருக்கினால் 322. 23இன் இலக்கங்களைக் கூட்ட 5. 14இன் இலக்கங்களைக் கூட்டவும் 5. ஐயைந்து 25, அதன் இலக்கக் கூட்டுத்தொகை 7. விடையாகிய 322இன் கூட்டுத்தொகையும் 7. எனவே கணக்குச் சரி எனக் கொள்வோம். ஆனால் மாணவன் இலக்கத்தை இடம் மாற்றி 232 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை 7தான்! இம்முறை சில பிழைகளைக் காணாது விட்டுவிடும்.

'எஸ்.எச்.ஏ. 256' என்னும் முறையும் இத்தகைய சோதனையே. ஆயினும் மிக வலியது. கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதிலிருந்து 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்பெண்ணை அது கணித்துத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். நாம் கணித்த எண்ணும் டெபியன் வெளியிட்ட எண்ணும் ஒத்திருப்பின், வழியில் கோப்புச் சிதையவில்லை என்று தெளியலாம்.

எண்ணை வெளியிடும் தளத்தையே கள்வர் கைப்பற்றினால் என்செய்வது? இது வீண் ஐயம் அன்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் 'லினக்ஸ் மின்ட்' தளத்துள் ஊடுருவியோர், பதிவிறக்க இணைப்பை மாற்றி, கள்ளவழி வைத்த போலிக் கோப்பினைப் பெறுமாறு செய்தனர். தளத்தை மாற்றுவோர் அதிலுள்ள எண்ணையும் மாற்றலாம். ஆதலின் டெபியன் தன் எண்களின் பட்டியலை மின்கையொப்பத்துடன் வெளியிடுகிறது. 'ஜீ.பி.ஜீ.' என்னும் நிரல் கொண்டு அக்கையொப்பத்தைச் சோதிக்கலாம். எண் காட்டுவது கோப்பின் நிறைவு. கையொப்பம் காட்டுவது அதனை அளித்தவர் யார் என்பது. இவ்விரண்டும் வேறு வேறு.

இனி எழுதும் வேலை. லினக்ஸ் கணிப்பொறியில் இதற்கு 'டீ.டீ.' என்னும் கட்டளை உண்டு. விண்டோஸில் 'ரூஃபஸ்' போன்ற செயலிகள் உள்ளன. டீ.டீ. கட்டளைக்கு எதிலிருந்து, எதற்கு என்னும் இரண்டை மட்டும் சொன்னாற் போதும். "மெய்யாகவா?" என்று அது திரும்பக் கேட்பதில்லை. பென் டிரைவின் பெயருக்கு மாறாக வன்தட்டின் பெயரைக் கொடுத்துவிட்டால், பல்லாண்டு மதிப்பெண் பதிவுகளின்மேல் புதிய எழுத்து ஏறிவிடும். இழந்தவற்றை மீட்டல் அரிது. ஆகவே 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்னும் கட்டளையைப் பென் டிரைவைச் செருகுமுன் ஒருமுறையும் செருகியபின் ஒருமுறையும் இடுக. புதிதாகத் தோன்றும் பெயரே பென் டிரைவின் பெயர். அதன் கொள்ளளவையும் ஒத்துப் பார்க்க. பென் டிரைவில் முன்னரே இருந்தவையும் அழியுமாதலால் அவற்றை வேறிடத்தில் சேமித்துக்கொள்க.

எழுதி முடிந்ததும் உடனே பிடுங்குதல் கூடாது. எழுத வேண்டியவற்றுள் ஒரு பகுதி இன்னும் நினைவகத்தில் தங்கியிருக்கக்கூடும். 'சிங்க்' என்னும் கட்டளை அதனை முற்றும் எழுதுவிக்கும். பிறகு 'சி.எம்.பி.' என்னும் கட்டளையால், கோப்பின் நீளம் வரையில் மூலத்தையும் படியையும் ஒப்பிடுக. கொள்ளளவை மிகைத்துக் காட்டும் போலிப் பென் டிரைவ்கள் சந்தையில் உண்டாதலின் இவ்வொப்பீடு மிகையாகாது.

இவ்வாறு அமைந்த பென் டிரைவைச் செருகி, தொடக்கப் பட்டியலில் அதனைத் தேர்ந்தால் நிறுவி எழும். வரைகலை முறையைத் தேர்வோர்க்குத் தமிழிலேயே வழிகாட்டும் வசதியும் அதில் உண்டு.

மூன்று சோதனைகளைக் கூறினேன்: மூலம் மெய்யானதா, எழுதும் இடம் உரியதா, படி மூலத்தை ஒத்ததா. மூன்றும் சேர்ந்து அரைமணி நேரம் கொள்ளலாம். ஒரு பென் டிரைவைக் கொண்டு ஒரு பள்ளியின் கணிப்பொறிகள் அனைத்திலும் நிறுவலாம் அன்றோ? அதில் குறையிருப்பின் அக்குறை அனைத்திலும் புகும். பதிவிறக்கம் ஆனவுடன் எழுதத் தொடங்கும் ஆர்வம் மாணவர்க்கு இயல்பு. அவர்களை அந்த அரைமணி நேரம் நிறுத்திவைப்பது உடனிருக்கும் பெரியோர் கடமை.